மருத்துவரிடம் சொல்லலாமா? சட்டத்தில் ரகசியம் உண்டு. பரிசோதனை அறையில் இல்லை

புது தில்லி: மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்பது காலங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் அறிவுரை. ஆனால் இந்திய சட்டம் இவ்விருவரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வெளியிட முடியாதபடி பழைய சாட்சியச் சட்டமும் தடுத்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டமும் தடுக்கிறது. மருத்துவருக்கு அத்தகைய தடையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. நீதிபதி உத்தரவிட்டால் நோயாளி சொன்னதை அவர் சொல்லியாக வேண்டும்.

காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் மருத்துவரை நாடுவோருக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. வெளியே தெரிந்தால் குடும்பமும் வேலையும் பறிபோகும் என்ற அச்சத்துடன் வாழ்பவருக்கோ அதுவே எல்லாம். அவ்வாறு வாழ்வோரில், பொது விவாதத்தில் அதிகம் இடம்பெறாத ஒரு பிரிவினர் எதிர்பாலின உடை அணியும் பழக்கம் உடையவர்கள். குறிப்பாக, வீட்டுக்குள் தனிமையில் பெண்களின் உடையை அணியும் ஆண்கள். இதை மருத்துவரிடம் சொல்வதா, மறைப்பதா என்பது அவர்களின் தனிப்பட்ட தயக்கம் மட்டுமல்ல. நோயாளியின் ரகசியத்தை நம் சட்டமும் மருத்துவமனைகளும் எந்த அளவுக்கு மதிக்கின்றன என்பதைக் காட்டும் கேள்வியும் ஆகும்.

யார் இவர்கள்?

எதிர்பாலின உடை அணிபவர் அனைவரும் திருநங்கையர் அல்லர். தம்மை ஆணாகவே கருதி, மணம் புரிந்து, குழந்தைகளுடன் வாழ்பவர்களும் இவர்களில் உண்டு. இப்பழக்கத்துக்கும் ஓரினச் சேர்க்கைக்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளை அங்கீகரித்து 2014 ஏப்ரல் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே இவர்களைப் பற்றிய குறிப்பு உள்ளது. ஒருவர் தம் பாலினத்தை உடையின் மூலம் வெளிப்படுத்துவது அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

எனினும் அரசின் திட்டங்கள் எதிலும் இவர்கள் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத "மற்றவர்" என்று பதிவானோர் சுமார் 4 லட்சத்து 88 ஆயிரம் பேர். அந்தக் கணக்கில் இவர்கள் வர வாய்ப்பில்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் திருநங்கையர், திருநம்பியருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு அளிக்க 2022 ஆகஸ்டில் மத்திய அரசு உடன்பாடு கண்டது. அதைப் பெற அடையாளச் சான்றிதழ் வேண்டும். தம்மை ஆண் என்றே கருதுபவர் அச்சான்றிதழைக் கேட்கப் போவதில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. மருத்துவரின் அறையில் அச்சமின்றிப் பேச முடிவதே அவருடைய தேவை.

மறைப்பதால் என்ன கேடு?

எல்லாவற்றையும் எல்லா மருத்துவரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பல் வலிக்குச் செல்பவர் தம் அலமாரியில் உள்ள புடவையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆனால், சொல்லாமல் விடுவது உடலுக்கே ஆபத்தாகும் சந்தர்ப்பங்கள் உண்டு.

முதலாவது, மருந்து. உடை அணிவதோடு நிற்பவர்களே பலர். சிலர் உடல் தோற்றத்தை மென்மையாக்க விரும்பி, மருத்துவர் சீட்டின்றிப் பெண்களுக்கான கருத்தடை மாத்திரைகளையோ வேறு ஹார்மோன் மாத்திரைகளையோ வாங்கி உட்கொள்கின்றனர். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பை அதிகரிக்கும். புகைப்பவருக்கும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நாள்கணக்கில் படுத்திருப்பவருக்கும் இந்த ஆபத்து மேலும் கூடும். ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்த உட்கொள்ளப்படும் ஸ்பைரோனோலாக்டோன் மருந்து ரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவை உயர்த்தவல்லது. சில வகை ரத்த அழுத்த மருந்துகளுடன் அது சேரும்போது இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். "வேறு ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்கும்போது "இல்லை" என்று சொல்லும் ஒரு பொய்யின் விலை உயிராகவும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, உடல். நெடுநேரம் இறுகக் கட்டும் உள்ளாடைகளால் தோல் புண்ணும் சிறுநீர்க் கோளாறும் ஏற்படலாம். உயர்ந்த குதிகால் காலணியால் கணுக்காலிலும் முதுகிலும் வலி வரலாம். காரணம் தெரியாவிட்டால் மருத்துவர் வேறு நோய்களைத் தேடிப் பரிசோதனைகளை எழுதிக்கொண்டே போவார். விரல் நுனியில் பொருத்தி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி, சில நகப்பூச்சுகளால் பிழையான எண்ணைக் காட்டக்கூடும் என்பதும் மயக்க மருந்து நிபுணர்கள் அறிந்ததே.

மூன்றாவது, மனம். உடையைவிட, அதை ஒளித்து வைக்கும் பதற்றமே பலரை வாட்டுகிறது. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை கேட்டு வருபவர் காரணத்தை மட்டும் விழுங்கிவிட்டால் சிகிச்சை பாதியிலேயே நின்றுவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, மருத்துவமனைக்கே போகாமல் இருப்பது. மழித்த மார்பையும் நகத்தில் எஞ்சிய சாயத்தையும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பரிசோதனையைத் தள்ளிப் போடுபவரின் நோய் அவருக்காகக் காத்திருப்பதில்லை.

நூற்றாண்டு பழைய நிழல்

இந்த அச்சம் காரணமின்றி எழுந்ததல்ல. இந்தியாவில் உடையும் மருத்துவப் பரிசோதனையும் காவல்துறையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பழங்குடிகளை மட்டும் குறி வைத்ததாகவே பொதுவாக அறியப்படுகிறது. அதன் இரண்டாம் பகுதி அன்று அலிகள் என்று அழைக்கப்பட்டோரைப் பற்றியது. ஆண்மையற்றவர் என்று தாமே ஒப்புக்கொள்பவரும், மருத்துவப் பரிசோதனையில் அவ்வாறு தெளிவாகத் தெரிபவரும் அப்பிரிவினர் என்று அச்சட்டம் வரையறுத்தது. அவர்களில் பதிவேட்டில் பெயர் ஏறிய ஒருவர் பொது வீதியில் பெண் உடையிலோ பெண்ணின் அணிகலன்களுடனோ காணப்பட்டால் ஆணையின்றிக் கைது செய்யலாம். 2 ஆண்டுகள் வரை சிறையில் அடைக்கலாம். நோய் தீர்க்கும் கை அங்கே அரசின் உளவுக் கண்ணாக மாறியது.

1884ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கும் இதற்குச் சான்று. பெண் உடை அணிந்து பெண்களுடன் பாடியதற்காகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவரின் உடலை மருத்துவர் பரிசோதித்தார். அந்தப் பரிசோதனையின் பேரிலேயே 377ஆவது பிரிவின்கீழ் அவர் தண்டிக்கப்பட்டார். குற்றம் எங்கு, எப்போது, யாருடன் நடந்தது என்பதற்கு ஆதாரமே இல்லை என்று கூறி உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கை நினைவுகூர்ந்தது.

விந்தை என்னவெனில், இதே நாட்டில் மேடையில் பெண் வேடம் பூண்டவர்கள் விருது பெற்றதும் உண்டு. மராத்தி நாடக மேடையில் பெண் வேடங்களால் புகழ்பெற்ற பால கந்தர்வருக்கு 1964ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. பிகாரின் "லவுண்டா நாச்" கலையில் வாழ்நாள் முழுவதும் பெண் வேடமிட்டு ஆடிய ராம்சந்திர மாஞ்சிக்கு 2021ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் உள்ள கொற்றன்குளங்கரை கோயிலில் ஆண்டுதோறும் ஆண்கள் பெண் உடையில் விளக்கேந்தி வழிபடுகின்றனர். கலையிலும் வழிபாட்டிலும் கொண்டாடப்படும் உடை, வீட்டுக்குள் தனி மனிதரின் விருப்பமாக இருக்கும்போது மட்டும் நோயாகவும் குற்றமாகவும் மாறிவிடுகிறது.

பாடநூலில் இருந்த பட்டியல்

நோய் என்ற எண்ணத்தை ஊட்டியதில் மருத்துவக் கல்விக்கும் பங்கு உண்டு. 2019ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்காக வகுக்கப்பட்ட பாடத்திட்டத்தில், சட்ட மருத்துவப் பிரிவில் "பாலியல் வக்கிரங்கள்" என்றொரு பட்டியல் இடம்பெற்றது. எதிர்பாலின உடை அணிவதும் பிணத்தோடு உறவு கொள்வதும் அந்த ஒரே பட்டியலில் இருந்தன. அதைப் படித்துத் தேர்வு எழுதியவரே சில ஆண்டுகளில் ஊர்ப்புற மருத்துவமனையில் அமர்கிறார். அவர் முன்னால் தயங்கியபடி உண்மையைச் சொல்லும் நோயாளியை அவர் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதில் மாற்றம் கொண்டுவந்ததில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிய ஒரு பெண் இணையின் வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று கூறி, மனநல ஆலோசகரிடம் விளக்கம் பெற்ற பிறகே 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு பிறப்பித்தார். பாலின விருப்பத்தையும் அடையாளத்தையும் "குணப்படுத்தும்" முயற்சிகளுக்கு அவ்வுத்தரவு தடை விதித்தது. பாடத்திட்டத் திருத்தத்துக்கும் வழிகோலியது. அவதூறான வருணனைகளைத் தவிர்க்குமாறு அதே ஆண்டு அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவுறுத்தியது. 2022 ஆகஸ்டில், அத்தகைய "மாற்று சிகிச்சை" தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் குழுக்களுக்கு எழுதியது. பாடத்திட்டமும் திருத்தப்பட்டது.

ஆனால் 2024 ஆகஸ்ட் 31ஆம் தேதி அதே ஆணையம் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில், 2018ல் உச்ச நீதிமன்றம் குற்றமல்ல என்று அறிவித்த ஓரினச் சேர்க்கை மீண்டும் "இயற்கைக்கு மாறான குற்றங்கள்" என்ற தலைப்பின்கீழ் முளைத்தது. எதிர்ப்பு கிளம்பவே, ஒரு வாரத்துக்குள் அந்த வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டுப் பின்னர் திருத்தி வெளியிடப்பட்டது. நீதிமன்றம் துடைத்ததை ஒரு சுற்றறிக்கை மீண்டும் எழுதிவிட முடியும் என்பதே இதன் பாடம்.

உலக அளவில் விவாதம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. உலக சுகாதார அமைப்பின் முந்தைய நோய்ப் பட்டியலில் எதிர்பாலின உடை அணிதல் இரு தலைப்புகளில் இருந்தது. 2019ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பதினோராவது பட்டியலில் இரண்டும் இல்லை. அமெரிக்க மனநல சங்கத்தின் கையேடு, அப்பழக்கம் ஒருவருக்குக் கடும் மனவேதனையையோ வாழ்க்கைப் பாதிப்பையோ தரும்போது மட்டுமே அதைக் கோளாறாகக் கொள்கிறது. இந்தியாவின் 2017 மனநல பராமரிப்புச் சட்டமும், சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுடன் ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்று தெளிவாகக் கூறுகிறது.

காகிதத்தில் உள்ள காப்பு

ரகசியம் காக்கும் கடமையைச் சட்டம் அறியாமல் இல்லை. மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்கு விதிகள், நோயாளியின் தனிப்பட்ட, குடும்ப வாழ்க்கை பற்றிய செய்திகளை வெளியிடக் கூடாது என்கின்றன. விலக்குகள் மூன்று: நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொற்று நோய்.

இரண்டாவது விலக்கைப் பற்றி 1998ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பை அளித்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது மருத்துவமனை வழியே வெளியாகி, அவரது திருமணம் நின்றுபோன வழக்கு அது. மணக்கவிருந்த பெண்ணின் உயிரைக் காக்க ரகசியம் விட்டுக்கொடுக்கப்படலாம் என்று நீதிமன்றம் கூறியது. அந்தத் தர்க்கம் உடை விஷயத்துக்குப் பொருந்தாது. ஒருவர் வீட்டில் எதை உடுத்துகிறார் என்பதால் யாருடைய உயிருக்கும் ஆபத்து இல்லை. எனவே மனைவியே வந்து கேட்டாலும், தந்தையே வந்து கேட்டாலும், மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு அளித்த தீர்ப்பு இந்நிலைக்கு மேலும் வலு சேர்க்கிறது.

ஆயினும் ஓட்டைகள் உள்ளன. திருமண வழக்குகளில் கணவனையோ மனைவியையோ மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2003ல் உச்ச நீதிமன்றம் கூறியது. மருத்துவக் குறிப்பேடுகளையும் நீதிமன்றம் வரவழைக்கலாம். இன்று சிகிச்சைக்காகச் சொன்ன ஒரு வாக்கியம் நாளை விவாகரத்து வழக்கில் ஆதாரமாகலாம் என்ற அச்சத்தைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. இனி, ரகசியத்தை மருத்துவர் கசியவிட்டால் என்ன செய்வது? மாநில மருத்துவக் குழுவிடம் புகார் அளிக்கலாம். ஆனால் ஊருக்குத் தெரியக் கூடாது என்று காத்த செய்தியை, புகார் மனுவில் தம் பெயருடன் மீண்டும் எழுத வேண்டியிருக்கும். எத்தனை பேர் அதற்குத் துணிவார்கள்?

இரண்டு நிமிட சந்திப்பு

சட்டத்தின் ஓட்டைகளைவிடப் பெரியது, மருத்துவமனையின் அன்றாட நடைமுறை. அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் ஒருவர் பரிசோதிக்கப்படும்போதே அடுத்த இருவர் மேசையருகே நிற்பது வழக்கம். உதவியாளர் சீட்டைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைக்கிறார். நோயாளியுடன் மனைவியோ அண்ணனோ மாமனோ உள்ளே வந்து, கேள்விகளுக்கு அவரே பதில் சொல்கிறார். தனியார் மருத்துவமனையில் இடம் உண்டு. ஆனால் அங்கு அமர்ந்திருப்பவர் பல நேரம் தலைமுறை தலைமுறையாக வந்த குடும்ப மருத்துவர், தந்தையின் நண்பர்.

நேரமும் இல்லை. பல நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளியுடன் செலவிடும் நேரத்தை ஒப்பிட்டு 2017ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமத்தின் ஏட்டில் வெளியான ஆய்வு, இந்தியாவில் அது சுமார் 2 நிமிடம் என்றது. சுவீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். வாழ்நாள் முழுவதும் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை 2 நிமிடத்தில், நான்கு பேர் காதில் விழும்படி சொல்லச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாதது. மருத்துவர்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்க வேண்டியவர், ஒவ்வொருவருக்கும் கதவைச் சாத்திப் பேச இயலாது என்கிறார். அவருடைய குற்றமல்ல அது; ஆளும் அறையும் ஒதுக்காத அரசுகளின் குற்றம்.

இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்துள்ளது. 2021 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின்கீழ் மருத்துவக் குறிப்புகள் கணினிக்கு மாறி வருகின்றன. நோயாளியின் சம்மதமின்றி அவற்றைப் பகிரக் கூடாது என்பது திட்டத்தின் கொள்கை. ஆனால் மருத்துவத் தகவல்களுக்கென 2018ல் சுகாதார அமைச்சகம் தயாரித்த தனிச் சட்ட வரைவு சட்டமாகவில்லை. உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புக்குரியதாகப் பிரித்துக் காட்டிய 2019 மசோதாவின் ஏற்பாடு, 2023ல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெறவில்லை. அலமாரியில் தூசி படிந்து மறைந்த பழைய சீட்டைப் போலன்றி, கணினியில் ஏறிய வரி அழிவதில்லை.

முன்னுதாரணம் உண்டு

வழி இல்லாமல் இல்லை. எச்.ஐ.வி. விஷயத்தில் இந்தியா கற்ற பாடம் கண் முன் உள்ளது. ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை பிறந்த பிறகே மக்கள் பரிசோதனைக்கு வந்தனர். அதன் தொடர்ச்சியாக 2017ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவரது சம்மதமின்றி வெளியிடுவதற்குத் தடை விதிக்கிறது. அதே பாதுகாப்பை எல்லா நோயாளிகளின் அந்தரங்கத்துக்கும் விரிவாக்க நாடாளுமன்றத்துக்குத் தடை எதுவும் இல்லை. வழக்கறிஞருக்கு உள்ளதைப் போன்ற பாதுகாப்பை, குறைந்தபட்சம் குடும்ப வழக்குகளிலாவது, மருத்துவருக்கும் தருவது குறித்துச் சட்ட ஆணையம் ஆராயலாம்.

சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. பரிசோதனையின் ஒரு பகுதியிலாவது உறவினரை வெளியே இருக்கச் சொல்வதை எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான வழக்கமாக்கினால், யார் மீதும் சந்தேகம் எழாது. சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும் குறிப்பேட்டில் எழுதப் பழகலாம். "ஹார்மோன் மாத்திரை உட்கொள்கிறார்" என்பது மயக்க மருந்து நிபுணருக்குத் தேவை. அவர் எதை உடுத்துகிறார் என்பது தேவையில்லை. நோயாளியும், தாம் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்கலாம். மருத்துவக் குறிப்பின் நகலைக் கோரினால் 72 மணி நேரத்துக்குள் பெறும் உரிமை 2002 விதிகளின்கீழ் அவருக்கு உண்டு. உட்கொள்ளும் மருந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் மறைக்கலாகாது.

வெளிப்படையாகப் பேசுங்கள் என்று நோயாளிக்கு அறிவுரை கூறுவது எளிது. பேசியதால் வரும் இழப்பை இன்று அவர் ஒருவரே சுமக்கிறார். அந்தச் சுமையை மருத்துவரும் மருத்துவமனையும் அரசும் பகிர்ந்துகொள்ள முன்வராத வரை, அவருடைய மௌனத்தை அறியாமை என்று சொல்வதற்கில்லை.